பேட்டரியை மாற்றும் முன்: லேப்டாப் ப்ராசசரின் வேகத்தைக் கட்டுக்குள் வைப்பது எப்படி

மலேசியாவின் பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஆறேழு சிறு கடைகளுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். காலையில் லெபோ பாசாரில் ஒரு மளிகைக் கடை, மதியம் லெபோ குயின் பக்கம் ஒரு துணிக்கடை என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் வேலை. கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார ஒரு முக்காலி கிடைக்கும், பிளக் கிடைக்காது. இருக்கிற ஒன்றிரண்டு பிளக்கிலும் தராசு, கார்டு மெஷின், மின்விசிறி எல்லாம் மாட்டியிருக்கும். இ-இன்வாய்ஸ் வந்தபிறகு கடையில் உட்காரும் நேரமும் கூடிவிட்டது. அதனால் எனக்குப் பேட்டரிதான் எல்லாம்.

போன வருஷம் அந்தப் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. பழுது பார்க்கும் கடையில் காட்டினேன். "அண்ணே, பேட்டரி போச்சு, மாத்திடலாம்" என்றார்கள். 320 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து மாற்றினேன். இரண்டு மணி நேரம் இரண்டரை மணி நேரம் ஆனது, அவ்வளவுதான். அதற்கப்புறம் இரண்டு வாரம் இரவில் உட்கார்ந்து தேடித் தேடிப் படித்து, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துத்தான் காரணம் புரிந்தது. பிரச்சினை பேட்டரியில் இல்லை, லேப்டாப்பின் மூளையான ப்ராசசர் ஓய்வே இல்லாமல் உச்ச வேகத்தில் ஓடிக்கொண்டிருந்ததில்தான் இருந்தது. அதைச் சரிசெய்ய ஒரு காசு செலவில்லை, அரை மணி நேரம் போதும். இன்று அதே லேப்டாப் ஐந்து மணி நேரம் நிற்கிறது.

உங்களுக்கு அந்த 320 வெள்ளியும் இரண்டு வாரமும் மிஞ்சட்டும். கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். பெரும்பாலோரிடம் இருப்பது விண்டோஸ் என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது. திரையில் வரும் பெயர்களை அவை ஒலிக்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன்.

1. பேட்டரி உண்மையில் கெட்டுவிட்டதா என்று பாருங்கள்

இதை நான் முதலில் செய்திருக்க வேண்டும். விண்டோஸ் தானாகவே பேட்டரியின் வரலாற்றைக் குறித்து வைத்திருக்கிறது. அதை வெளியே எடுக்க ஒரே ஒரு கட்டளை போதும்.

ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் ப்ராம்ப்ட் என்று தேடித் திறங்கள். ஆங்கில எழுத்தில் இப்படித் தட்டுங்கள்: பவர் என்ற சொல், அதை ஒட்டியே சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகள், ஓர் இடைவெளி, வலப்பக்கம் சாய்ந்த கோடு, அதை ஒட்டியே பேட்டரிரிப்போர்ட் என்று இடைவெளி இல்லாமல். என்டர் அழுத்தினால் ஒரு கோப்பு உருவாகும். அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதையும் அங்கேயே சொல்லும். அதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்திருந்தால் கோப்பு சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துவிடும், தேடுவது சிரமம்.

கோப்பைத் திறந்ததும் இரண்டு எண்களைப் பாருங்கள். டிசைன் கெப்பாசிட்டி என்பது பேட்டரி புதிதாக இருந்தபோது தாங்க வேண்டிய அளவு. ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்பது இப்போது தாங்கும் அளவு. இரண்டாவதை முதலாவதால் வகுங்கள். 80 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்தால் பேட்டரி இன்னும் உழைக்கும். 50 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் மாற்றுவது நியாயம். பேட்டரி உப்பியிருந்தால், அதாவது டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தாலோ மூடி சரியாக மூடாவிட்டாலோ, எந்த எண்ணையும் பார்க்க வேண்டாம். உடனே நிறுத்தி மாற்றுங்கள், அது ஆபத்து.

அதே கோப்பில் கீழே பேட்டரி கெப்பாசிட்டி ஹிஸ்டரி என்று ஒரு பகுதி வரும். வாரவாரியாகப் பழைய எண்கள் இருக்கும். பேட்டரியை மாற்றிய பிறகுதான் நான் அதைப் பார்த்தேன். 42,000 மில்லிவாட்-மணி (பேட்டரி தாங்கும் மின்சாரத்தின் அளவு) தாங்க வேண்டிய என் பழைய பேட்டரி, மாற்றுவதற்கு முந்தைய வாரம் 33,500 தாங்கியிருக்கிறது. அதாவது 80 சதவீதம் நன்றாக இருந்த பேட்டரியைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

2. பழுது பார்க்கும் கடைக்குப் போவதாக இருந்தால் கையில் இருக்க வேண்டியவை

வாங்கிய ரசீது, வாரண்டி அட்டை, லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண், மேலே சொன்ன பேட்டரி ரிப்போர்ட்டின் அச்சுப்பிரதி. இந்த நான்கும் இருந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். ரிப்போர்ட்டைக் காட்டி, "80 சதவீதம் இருக்கே, ஏன் மாத்தணும்?" என்று நிதானமாகக் கேளுங்கள். பினாங்கில் கொம்தார், பிராங்கின் மால் பக்கமும், கோலாலம்பூரில் லோ யாட் பிளாசாவிலும் ஒரே கட்டடத்துக்குள் பல கடைகள் இருப்பதால், இரண்டு கடையில் கேட்டுவிட்டு முடிவெடுப்பது எளிது. அவசரப்படாதீர்கள்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால், பேட்டரியின் மாடல் எண் எழுதிய ரசீதைக் கேளுங்கள். "பேட்டரி – 1" என்று மட்டும் எழுதிய ரசீது பின்னால் எதற்கும் உதவாது. பழைய பேட்டரியைக் காட்டச் சொல்லுங்கள். நான் இரண்டையும் செய்யவில்லை.

ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. ஆனால் ரசீது வேண்டும். கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். புது லேப்டாப்தான் வாங்க வேண்டும் என்று ஆகிவிட்டால், சொந்த உபயோகத்துக்கு வாங்கும் கணினி 2,500 வெள்ளி வரையிலான வருமான வரியின் வாழ்க்கைமுறைக் கழிவுக்குள் வரும். வியாபாரத்துக்கு வாங்கினால் அந்தக் கழிவு கிடையாது. ரசீதை ஏழு வருஷம் பத்திரப்படுத்துங்கள். வெயில் படும் இடத்தில் வைத்தால் கடை ரசீது வெளுத்துப் போகும், படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. இப்போது என்ன வேகத்தில் ஓடுகிறது?

சார்ஜரைக் கழற்றுங்கள். திரையில் திறந்திருக்கும் எல்லா ஜன்னல்களையும் மூடிவிட்டு ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். அப்புறம் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபாமன்ஸ் பகுதியில் சிபியு (ப்ராசசரின் இன்னொரு பெயர்) என்பதைத் தட்டுங்கள். ஸ்பீட் என்ற இடத்தில் ஓர் எண் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் பேஸ் ஸ்பீட் (அடிப்படை வேகம்) என்று மாறாத ஓர் எண் இருக்கும்.

என்னுடையது இன்டெல் ஐ5-8250யு. அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், டர்போ வேகம், அதாவது வேலை கூடும்போது அடிப்படையைத் தாண்டி எட்டும் வேகம், 3.4 வரை. டாஸ்க் மேனேஜரில் பேஸ் ஸ்பீட் 1.80 என்று காட்டும். லேப்டாப் தயாரித்தவர்கள் அதைக் கொஞ்சம் உயர்த்தி அமைத்திருப்பதால் வரும் வித்தியாசம் அது, குழம்ப வேண்டாம். நான் பார்த்தபோது ஒரு வேலையும் செய்யாத லேப்டாப்பில் அந்த ஸ்பீட் 3.2-க்குக் கீழே இறங்கவே இல்லை. சிபியு பயன்பாடோ 4 சதவீதம்தான்.

சும்மா இருக்கும்போது வேகம் அடிக்கடி கீழே இறங்க வேண்டும். ஒரே உயரத்தில் நின்றால் உங்களுக்கும் இதே கதைதான்.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். இது புரிந்தால் அடுத்த படிகளில் எந்த எண்ணைப் போடுவது என்று நீங்களே முடிவெடுக்கலாம். ப்ராசசர் வேலை செய்யும்போது தின்னும் மின்சாரம் வேகத்தோடு சேர்ந்து ஏறும். வோல்டேஜோடும் ஏறும், அதுவும் அதன் வர்க்கத்துக்கு ஏறும். வேகம் கூட வேண்டுமென்றால் வோல்டேஜும் கூட வேண்டும். அதனால் வேகத்தில் 20 சதவீதமும் வோல்டேஜில் 10 சதவீதமும் குறைத்தால், செலவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். உச்ச வேகத்தின் கடைசிக் கொஞ்சம்தான் பேட்டரியை அதிகம் குடிக்கிறது. விற்பனை ஸ்ப்ரெட்ஷீட்டில் தட்டச்சு செய்ய அந்தக் கடைசிக் கொஞ்சம் தேவையே இல்லை.

4. பவர் பிளான் என்ன என்று பாருங்கள்

விண்டோஸ் சாவியோடு ஆர் எழுத்தை அழுத்துங்கள். வரும் சிறு பெட்டியில் முன்பு தட்டிய அதே பவர்-சி-எஃப்-ஜி, பிறகு ஒரு புள்ளி, பிறகு சி, பி, எல் என்று தட்டி என்டர் கொடுங்கள். பவர் ஆப்ஷன்ஸ் திறக்கும்.

என்னுடையதில் ஹை பெர்ஃபாமன்ஸ் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. பள்ளி விடுமுறையில் அக்கா மகன் ஏதோ விளையாட்டுக்காக மாற்றியிருக்கிறான். அந்தப் பிளானில் ப்ராசசரின் குறைந்தபட்ச நிலையே 100 சதவீதம், இறங்கச் சொன்னாலும் இறங்காது. பேலன்ஸ்டு என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதில் குறைந்தபட்சம் வழக்கமாக 5 சதவீதம்.

சிலரது லேப்டாப்பில் பேலன்ஸ்டு மட்டுமே இருக்கும். புதிய வகைத் தூக்க முறையோடு வரும் லேப்டாப்கள் அப்படித்தான், பயப்பட வேண்டாம்.

5. முக்கியமான எண்: 99

பேலன்ஸ்டுக்குப் பக்கத்தில் சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ், அதற்குள் சேஞ்ச் அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸ். ஒரு சிறிய ஜன்னல் வரும். கீழே இறக்கி, ப்ராசசர் பவர் மேனேஜ்மென்ட் என்பதை விரியுங்கள். மேக்ஸிமம் ப்ராசசர் ஸ்டேட் என்பதற்குள் ஆன் பேட்டரி, பிளக்டு இன் என்று இரண்டு இருக்கும்.

ஆன் பேட்டரி என்பதை 99 ஆக்குங்கள். பிளக்டு இன் 100 ஆகவே இருக்கட்டும். அப்ளை, ஓகே.

ஒரே ஒரு சதவீதத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். 100-ஐ விட்டு இறங்கியதுமே டர்போ முழுதாக அணைந்துவிடுகிறது. ப்ராசசர் தன் அடிப்படை வேகத்தைத் தாண்டாது. பெரும்பாலான இன்டெல், ஏஎம்டி லேப்டாப்களில் இப்படித்தான். மாற்றியதும் மறுபடி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஏதாவது கனமான பக்கத்தைத் திறந்து பாருங்கள். வேகம் பேஸ் ஸ்பீடைத் தாண்டாமல் நின்றால் வேலை முடிந்தது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நான் அதில் விழுந்தேன். 99-க்கே இவ்வளவு மிச்சம் என்றால் 30 வைத்தால் நாள் முழுக்க வருமே என்று 30 வைத்தேன். லேப்டாப் தவழ்ந்தது. ஒரு மாத விற்பனைக் கோப்பைத் திறக்கவே காத்திருக்க வேண்டியிருந்தது. வேலை இழுத்தடித்த நேரமெல்லாம் திரை எரிந்துகொண்டே இருந்தது, வைஃபை ஓடிக்கொண்டே இருந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் 99 வைத்ததை விட ஒன்றும் மிச்சமில்லை. வேலையைச் சட்டென்று முடித்துவிட்டு ஆழ்ந்து தூங்குவதுதான் ப்ராசசருக்குச் சிக்கனம். அதற்கு அடிப்படை வேகம் போதும், அதற்குக் கீழே நீங்கள் இறக்க வேண்டாம். தேவைப்படும்போது அதுவே இறங்கிக்கொள்ளும்.

மினிமம் ப்ராசசர் ஸ்டேட் 5-லேயே இருக்கட்டும். பக்கத்தில் உள்ள சிஸ்டம் கூலிங் பாலிசியை ஆன் பேட்டரியில் பேசிவ் என்று வைத்தால், சூடேறும்போது மின்விசிறியைச் சுழற்றுவதற்கு முன் வேகத்தைக் குறைக்கும். ஏர்கான் இல்லாத கடையில் உட்காரும் எனக்கு இது சத்தத்தைக் குறைத்தது, பேட்டரியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

குழப்பிவிட்டோமோ என்று தோன்றினால் அதே ஜன்னலில் ரிஸ்டோர் பிளான் டிஃபால்ட்ஸ் என்ற பொத்தான் இருக்கிறது. எல்லாம் பழையபடி வந்துவிடும். இங்கே செய்யும் எதுவும் லேப்டாப்பைக் கெடுக்காது, வாரண்டியையும் பாதிக்காது.

மேக்ஸிமம் ப்ராசசர் ஸ்டேட் என்ற வரியே உங்கள் லேப்டாப்பில் இல்லையென்றால் அடுத்த படி உங்களுக்கு.

6. பவர் மோட்

செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் அண்ட் பேட்டரி. அங்கே பவர் மோட் என்பதில் பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி என்று வையுங்கள். ப்ராசசர் எவ்வளவு சீக்கிரம் வேகமெடுக்கலாம், எவ்வளவு சிக்கனமாக இருக்கலாம் என்பதை இது பொதுவாகச் சொல்லிக்கொடுக்கிறது. 99 வைக்க முடிந்தவர்களும் இதைச் சேர்த்து வைக்கலாம்.

இந்த இடம் மாற்ற முடியாமல் மங்கலாக இருந்தால் நான்காவது படியில் பேலன்ஸ்டு தேர்ந்தெடுக்கவில்லை என்று அர்த்தம். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு ஓர் இரவு போனது.

7. உங்கள் அமைப்பை வேறு யாராவது கலைக்கிறார்களா?

லேப்டாப்போடு வரும் தயாரிப்பாளரின் செயலிகள் தங்களுக்கென்று தனி வேக முறைகளை வைத்திருக்கும். லெனோவோ வான்டேஜ், மைஅசுஸ் போன்றவை அப்படி. அவற்றுக்குள் போய்ப் பார்த்து, பெர்ஃபாமன்ஸ் என்று இருந்தால் பேலன்ஸ்டு அல்லது சிக்கன முறைக்கு மாற்றுங்கள். பல லெனோவோ லேப்டாப்களில் எஃப்என் சாவியோடு க்யூ எழுத்தை அழுத்தினாலே முறை மாறிவிடும், தெரியாமல் கை பட்டாலும் மாறும். இந்தச் செயலிகளில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியும் பெரும்பாலும் இருக்கும். வீட்டில் எப்போதும் பிளக்கில் வைத்து வேலை செய்கிறவர்கள் அதைப் போட்டுவிடுங்கள், பேட்டரியின் ஆயுள் நீளும். நான் சனி, ஞாயிறு மட்டும் போட்டு, திங்களன்று கடைவீதிக்குப் போகும் முன்னிரவு எடுத்துவிடுவேன்.

இதற்கு நேர்மாறான தொல்லை ஒன்றும் உண்டு. சார்ஜர் மாட்டியிருக்கும்போதே லேப்டாப் ஆமையாக ஊர்ந்தால், முதலில் சார்ஜரைச் சந்தேகியுங்கள். 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு 30 வாட் போன் சார்ஜரை மாட்டினாலோ, லேப்டாப் அடையாளம் காணாத மலிவு அடாப்டரை மாட்டினாலோ, ப்ராசசர் வேகத்தை அது தானே அடிமட்டத்துக்கு இறக்கிவிடும். எந்த செட்டிங்கும் அதைச் சரிசெய்யாது. வாங்கும்போது வாட் எண்ணையும் சிரிம் தரச் சான்று ஒட்டியையும் பார்த்து வாங்குங்கள்.

தூசி அடைந்து சூடேறினாலும் வேகம் சரியும். என் ப்ராசசரின் உச்ச வரம்பு 100 டிகிரி, அதைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகம் குறைக்கும். மசாலா அரைக்கும் கடைகளில் உட்காருவதால் என் மின்விசிறியில் நிறையத் தூசி. சுத்தம் செய்து வெப்பப் பசை மாற்ற 60 வெள்ளி கொடுத்தேன், காலையில் கொடுத்து மாலையில் வாங்கினேன். அந்தச் செலவுக்கு நான் வருந்தவில்லை.

வோல்டேஜைக் கையால் குறைக்கும் மென்பொருள்களும் இருக்கின்றன. புதிதாக வருகிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். 2019 டிசம்பரில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியானபிறகு பல லேப்டாப்களில் அதைப் பூட்டிவிட்டார்கள். திறந்திருக்கும் லேப்டாப்பிலும், தவறான எண் வைத்தால் எழுதிக்கொண்டிருக்கும் கணக்கோடு கணினி அணைந்துவிடும்.

8. லினக்ஸ், மேக்

உபுண்டுவில் வலது மேல் மூலை மெனுவிலேயே பவர் மோட் இருக்கிறது. பவர் சேவர் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலோருக்குப் போதும். இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால் டிஎல்பி என்ற கருவியை நிறுவி, அதன் அமைப்புக் கோப்பில் சிபியு பூஸ்ட் ஆன் பேட் என்று தொடங்கும் வரியைத் தேடி, முன்னால் உள்ள ஹேஷ் குறியை நீக்கி மதிப்பை 0 ஆக்குங்கள். விண்டோஸில் 99 வைப்பதற்கு இணையானது இது. டிஎல்பி, ஆட்டோ-சிபியுஃப்ரெக், உபுண்டுவின் சொந்தப் பவர் மோட் சேவை மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சேர்ந்தால் ஒன்று எழுதியதை இன்னொன்று அழிக்கும்.

வேகத்தை முடிவுசெய்யும் விதியை லினக்ஸில் கவர்னர் என்பார்கள். அதில் பவர்சேவ் என்ற பெயரும் பலரைக் குழப்புகிறது. புதிய இன்டெல் லேப்டாப்களில் வழக்கமாக இருக்கும் இன்டெல் பி-ஸ்டேட் ஓட்டியில் (டிரைவரில்) பவர்சேவ் என்றால் தேவைக்கேற்ப ஏறி இறங்கும், அப்படியே விடலாம். பழைய ஏசிபிஐ ஓட்டியில் அதே பெயர் வேகத்தை அடிமட்டத்தில் ஆணி அடித்து வைத்துவிடும். அங்கே ஷெட்யூட்டில் அல்லது ஆன்டிமாண்ட் தேர்ந்தெடுங்கள்.

மேக்புக்கில் வேகத்தை நேரடியாகத் தொட வழி வைக்கவில்லை. பேட்டரி அமைப்பில் லோ பவர் மோட் இருக்கும், பேட்டரியில் ஓடும்போது மட்டும் என்று வையுங்கள்.

9. மூன்று நாள் அளந்து பாருங்கள்

மாற்றிய அன்றே மணிக்கணக்கை நம்பாதீர்கள். திரையின் மூலையில் காட்டும் மீதி நேரம் வெறும் ஊகம். மூன்று நாள் வழக்கமான வேலையைச் செய்துவிட்டு, முதல் படியில் சொன்ன ரிப்போர்ட்டை மறுபடி எடுங்கள். பேட்டரி யூசேஜ் பகுதியில் எத்தனை நேரத்தில் எத்தனை மில்லிவாட்-மணி இறங்கியது என்று இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். எனக்கு முன்பு மணிக்கு 17,000 போய்க்கொண்டிருந்தது, பிறகு 8,500 சுற்றிலும் வந்தது. இதில் திரை வெளிச்சத்தைப் பாதியாக்கியதும் சேரும். ப்ராசசரை அடக்கியபிறகு மிச்சமிருக்கும் செலவில் திரைக்குத்தான் பெரிய பங்கு.

மின்சாரக் கட்டணம் குறையும் என்று எதிர்பார்த்து இதைச் செய்யாதீர்கள். 10 வாட் மிச்சம், நாளுக்கு எட்டு மணி நேரம், மாதம் 26 நாள் என்று போட்டால் இரண்டு யூனிட் சொச்சம், ஒரு வெள்ளிகூட வராது. மிச்சமாவது பிளக் இல்லாத இடத்தில் கிடைக்கும் நேரமும், அவசரப்பட்டு மாற்றாத பேட்டரியின் விலையும்தான். பட்டர்வொர்த்திலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ரயிலில் போகும்போது இப்போது வழியிலேயே ஒரு கடையின் மாதக் கணக்கை முடித்துவிடுகிறேன்.

விண்டோஸின் பெரிய அப்டேட் வந்தபிறகு நான்காவது, ஐந்தாவது படிகளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சில சமயம் 99 மறுபடி 100 ஆகியிருக்கும். இரண்டு நிமிட வேலை. நான் கணக்கு முடிக்கும் மாதக் கடைசி நாளில் பார்த்துவிடுவேன்.